ஆறாவது மாடிக்குப் போன வரிசை

பிரியாணி டப்பாக்கள் வந்துகொண்டிருந்த என் கைக்கு மீன் வந்தது.

சிங்கப்பூரின் பிடோக்கில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டு. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் இடையே இருக்கும் திருப்பத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கீழே மணியம், மேலே லெட்சுமி. மணியம் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் வைத்தார். பையின் வாயிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு கட்டு கங்கோங் கீரை. பை சில்லென்று இருந்தது. என் சட்டைக் கையில் தண்ணீர் சொட்டியது.

நாங்கள் மீன் வாங்கவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மணியத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பினேன், லெட்சுமியின் கையில் கொடுத்தேன், அடுத்ததற்குக் கையை நீட்டினேன். லெட்சுமியும் கேட்கவில்லை. மீன் மேலே போய்விட்டது.

எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஓய்வு பெறும்வரை ஆளுக்கொரு பொறுப்பில் இருந்தவர்கள். இவ்வளவு புத்தியில்லாமல் எப்படி நடந்துகொண்டோம் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல நான் சுவா சூ காங்குக்குப் போக வேண்டும். இப்போதுள்ள சுவா சூ காங் அல்ல.

சேற்றுக்குப் போன பெண்

இப்போது அங்கே ரயில் ஏறக்குறைய வீட்டு வாசலுக்கே வருகிறது. நாங்கள் போன காலத்தில் காய்கறித் தோட்டமும் பன்றிக் கொட்டகையும் மீன் குளமும்தான். மழைக்காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து பெரிய சாலைக்கு வருவார்கள். வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஏறுவார்கள். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கதவுப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்களாம்.

அந்தக் கம்போங்குக் கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் லாரியில் போய், வீடுகளிலிருந்து சாலைவரை கான்கிரீட் நடைபாதை போட்டுக் கொடுத்த தொண்டூழியக் குழு எங்களுடையது. குழுவுக்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது, பதாகையில் எழுதினால் இரண்டு வரி பிடிக்கும். நாங்கள் எங்களைப் பாதைக் கோஷ்டி என்றுதான் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் ஃபேரர் பார்க்கிலும் சிராங்கூன் சாலைச் சந்துகளிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள். கூடவே சில மலாய்க்காரர்கள், சில சீனர்கள். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் அப்போதுதான் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலிருந்தே லாரிக்கு ஓடுவேன். என் அம்மாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

"காலையில பூசைக்குப் போற காலு, மத்தியானம் பன்னிக் கொட்டகையில நிக்குது. இவள யாரு கட்டுவா?" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வார்.

கட்டப் போகிறவர் அதே லாரியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அந்தக் கதையை இந்தப் பத்திரிகைத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். மறுபடி எழுதினால் வாசகர்கள் அடிக்க வருவார்கள்.

கையில் வந்தது நிற்கக் கூடாது

செம்மண் சாலையின் முடிவில் லாரி நின்றுவிடும். அதற்கப்புறம் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடி வரப்புதான். தள்ளுவண்டியைக் கொண்டுபோனால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் சாலையோரத்திலேயே சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்து, பிடி வைத்த மண்ணெண்ணெய் டின்களில் அள்ளி, வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்புவோம். நிறைந்த டின் உள்ளே போகும், காலி டின் வெளியே வரும்.

வெயிலில் கலவை இறுகிவிடும். ஆகவே வரிசைக்கு ஒரே சட்டம், கையில் வந்தது நிற்கக் கூடாது. என்ன என்று பார்க்காதே, யாருடையது என்று கேட்காதே, கீழே வைக்காதே. அடுத்த கையில் கொடு.

இந்தச் சட்டப்படி ஒரு வாத்தும் போயிருக்கிறது. தோட்டக்காரச் சீன அம்மா ஒருவர், எங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று கால் கட்டிய வாத்து ஒன்றைக் கொண்டுவந்து வரிசையின் நடுவில் நின்றவரிடம் நீட்டினார். அவர் வாங்கினார், அடுத்தவரிடம் நீட்டினார். உயிருள்ள வாத்து, கத்திக்கொண்டே அத்தனை கைகளையும் கடந்து கலவை கொட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நின்றவர் அதைக் கலவை கொட்டும் பலகைச் சட்டத்துக்குள் கவிழ்க்கப் போய்விட்டார்.

அங்கே நின்றவர் தங்கராஜு அண்ணன்.

வரிசையின் தலை எப்போதும் அவர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்களைவிடச் சில வயது மூத்தவர். சாயங்காலங்களில் ஃபேரர் பார்க் திடலில் வெறுங்காலோடு பந்தடிப்பார். அவர் உதைத்த பந்தைப் பிடிக்காமல் ஒதுங்கிக்கொண்ட கோல்கீப்பரை நானே பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே கால்கள் முழங்கால்வரை சேற்றில் இருக்கும். வாங்குவார், கொட்டுவார், பலகையால் மட்டம் செய்வார், வாய் மட்டும் "போகட்டும், போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு கை தயங்கினால் அது அவருக்குத் தெரிந்துவிடும்.

"யாரு லா அங்க தூங்குறது?"

அந்தக் குரலுக்குப் பயந்தே எங்கள் கைகள் ஓடின.

நாங்கள் போட்ட பாதை இப்போது இல்லை. கம்போங்குகளை எடுத்தார்கள், புளோக்குகள் எழும்பின. "ஒரு சாண்கூட மிச்சமில்ல பிலோ," என்று மணியம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். எனக்கு அந்தப் பெருமூச்சு புரிந்ததே இல்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் காலணி போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். பாதைக்கு வேறென்ன வேலை? அதில் எனக்கு அன்றைக்கும் பெருமை, இன்றைக்கும் பெருமை.

வர மறுத்தவர்

எங்களை மறுபடி ஒன்றுசேர்த்தவள் லெட்சுமி. வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், அதட்டிப் பழகியவள். கைப்பேசியில் ஒரு குழுவைத் தொடங்கி, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று மூலைமுடுக்கெல்லாம் விசாரித்து, ஃபேரர் பார்க்கில் ஓர் உணவகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். கூப்பிட்ட எல்லாரும் வருகிறேன் என்றார்கள், ஒருவரைத் தவிர.

"எனக்கு வேலை இருக்கு," என்று தங்கராஜு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

என்ன வேலை? லெட்சுமி விடவில்லை. அவர் மகள் வாணியைப் பிடித்துப் பேசினாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரை வியாதியில் புண் ஆறாமல், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் அவரும் வாணியும்தான்.

"ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலத் தாண்டுறதே இல்ல ஆண்டி," என்றாள் வாணி. "இப்ப அதுக்கும் போகமாட்டேங்கறாரு. காரிடார்ல யாராவது நடந்தா ஜன்னலச் சாத்தச் சொல்றாரு. ஒருத்தர் பாத்துடக் கூடாது."

லெட்சுமி எனக்கு விளக்கிச் சொன்னாள். காயம் நன்றாக ஆறிவிட்டது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வேண்டும், உடற்பயிற்சிக்குப் போக வேண்டும். இவர் இரண்டுக்கும் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தாருன்னா, அவரே கேட்டாலும் கால் போட முடியாது பிலோ," என்றாள். தாதி சொன்னால் அது சும்மா பயமுறுத்தல் இல்லை.

மறுநாள் குழுவில் லெட்சுமியின் செய்தி வந்தது. உணவகம் வேண்டாம், சாப்பாட்டை பிடோக்குக்குக் கொண்டுபோகிறோம், அண்ணன் புளோக்கின் தரைத்தளக் கூடமான வாய்ட் டெக்கில் மேசை போட்டுச் சாப்பிடுகிறோம். வாணி எப்படியாவது அவரை லிப்ட்டில் கீழே அழைத்து வந்துவிடுவாள். அண்ணனிடம் கேட்டதற்கு "பாக்கலாம்" என்றாராம். அதுவே பெரிய விஷயம் என்றாள் வாணி.

லிப்ட்டும் கைவிட்டது

சிராங்கூன் சாலையில் வாங்கிய பிரியாணியும் கோழிக் குழம்பும் வேனிலிருந்து இறங்கின. நாங்களும் இறங்கினோம். பார்த்தால், லிப்ட் வாசலில் மஞ்சள் தடுப்பு. தாடி வைத்த ஒரு தொழில்நுட்பர் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலேசியாவின் ஜொகூர்த் தமிழர். வேலை முடிய மத்தியானம் தாண்டிவிடும் என்றார். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அந்த ஒரு லிப்ட்தான்.

வாணியின் அழைப்பு வந்தது. "அப்பா சிரிக்கிறாரு ஆண்டி. பாத்தியா, ஆண்டவனே வேணாம்னுட்டான், எல்லாரையும் சாப்பிட்டுட்டுக் கெளம்பச் சொல்லுங்கறாரு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணன் மேலா, லிப்ட் மேலா, ஆண்டவன் மேலா என்று தெரியவில்லை. லெட்சுமி மட்டும் அசரவில்லை.

"நம்மால ஆறு மாடி ஏற முடியாது. சாப்பாடு ஏறும்ல?" என்றாள்.

மணியம் படிக்கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வரிசை," என்றார்.

அவ்வளவுதான். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. முழங்காலை வைத்து இடம் பிரித்துக்கொண்டோம். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்ப்படிகள், ஓரளவு நடக்கிறவர்களுக்கு நடு மாடிகள். எங்களில் தினமும் கடற்கரையில் நடக்கும் காசிம் ஆறாவது மாடிக்குச் சற்றுக் கீழே போய் நின்றார். மேலே வாணி. சாப்பாட்டைச் சின்ன டப்பாக்களில் பிரித்து அனுப்பத் தொடங்கினோம்.

முதலில் கொஞ்சம் தடுமாற்றம். குழம்பு மணியத்தின் சட்டையில் சிந்தியது. பிறகு கைகளுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. வாங்கு, திரும்பு, கொடு. மூச்சு வாங்கியது, இடுப்பு முனகியது, ஆனால் எனக்கு இருபது வயதுக்கு மேல் ஒரு நாள்கூட ஆகவில்லை என்று தோன்றியது. படிக்கட்டு முழுக்கச் சிரிப்புச் சத்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாவது மாடி மலாய்க்கார அம்மா, மாச்சிக் ரொக்கையா, சந்தையிலிருந்து வந்தார். ஒரு மாடி ஏறியதும் மூச்சு வாங்க, பையைப் படியில் வைத்தார். அங்கே நின்றவர் குனிந்தார், எடுத்தார், கொடுத்தார். மீன் போனது இப்படித்தான்.

மீனோடு நிற்கவில்லை. லெட்சுமி கீழே விட்டுவந்த கைப்பை வந்தது. யாரோ சுவரில் சாய்த்து வைத்த கைத்தடி வந்தது. அப்புறம் ஓர் இரும்புப் பெட்டி. தூக்க முடியாத கனம். குழம்புச் சட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி, மேலே தள்ளிவிட்டேன்.

மேலே அடைத்துக்கொண்டது

திடீரென்று லெட்சுமி என்னிடமிருந்து வாங்கவில்லை. அவள் கை நிறைந்திருந்தது. அவளுக்கு மேலே இருந்தவர் கையும் நிறைந்திருந்தது. கீழேயிருந்து மணியம், "பிலோ, சீக்கிரம், கை சுடுது," என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேலே நடந்ததை வாணி பிறகு சொன்னாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் முறையாகச் செய்கிற பெண். வந்த ஒவ்வொன்றையும் மூடியைத் திறந்து பார்த்து, சமையலறைக்குக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்தாள். மீன் வந்ததும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

தங்கராஜு அண்ணன் வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "வாங்கி வை, வாங்கி வை, நிக்காத," என்றிருக்கிறார்.

"அப்பா, இது மீனுப்பா. யாரு மீனுன்னே தெரியல."

"யாரு மீனா இருந்தா என்ன? மொதல்ல கைய காலி பண்ணு."

அதற்குள் இரும்புப் பெட்டியும் வந்தது. வாணி அதை வாசலிலேயே வைத்துவிட்டு, இது எதற்கு என்று யோசிக்க ஆரம்பித்தாள். படிக்கட்டில் நாங்கள் கத்துவது அண்ணனுக்குக் கேட்டது. வரிசை நின்றுபோனதும் புரிந்தது. அவரால் தாங்க முடியவில்லை. நாற்காலியை உருட்டினார். மடியில் எப்போதும் போர்த்தியிருக்கும் துண்டு சக்கரத்தில் சிக்கியது. அதை உருவி எறிந்துவிட்டு, வாசலில் போட்டு வைத்து ஒரு நாளும் அவராகப் பயன்படுத்தாத சாய்வுப் பலகையில் இறங்கி, காரிடாரைக் கடந்து படிக்கட்டின் உச்சிக்கு வந்துவிட்டார்.

"யாரு லா அங்க தூங்குறது?"

ஆறு மாடிக்கும் கேட்டது. லெட்சுமி என்னைக் குனிந்து பார்த்தாள். அதட்டிப் பழகிய அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர்.

"வாணி, நீ உள்ள போய் அடுக்கு. காசிம், என் கையில குடு. போகட்டும், போகட்டும்."

போயிற்று. எல்லாம் போயிற்று. அவர் வாங்கி மகளிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசி டப்பாவும் போன பிறகுதான் கீழேயிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

"ஈக்கான் சாயா மானா?" மாச்சிக் தன் மீனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஆண்டி, என் டூல் பாக்ஸ் யாராச்சும் பாத்தீங்களா?" இது தொழில்நுட்பர்.

லிப்ட்டைச் சரிசெய்ய வந்தவரின் கருவிப் பெட்டியைத்தான் நாங்கள் அத்தனை பாடுபட்டு ஆறாவது மாடிக்கு ஏற்றியிருக்கிறோம். மேலேயிருந்து தங்கராஜு அண்ணனின் சிரிப்பு தொடங்கியது. அவருக்கு இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "கீழ வருது, பிடி," என்று பெட்டியை இறக்கினார். அதன் பின்னால் மீனும் கீரையும் கைத்தடியும் இறங்கின.

முன்வரிசை

லிப்ட் சரியானதும் நாங்கள் மேலே போகத் தயாரானோம். அதற்குள் அண்ணனே கீழே வந்துவிட்டார். "இத்தன பேரு மேல வர்றதுக்கு நான் ஒருத்தன் கீழ வந்தா முடிஞ்சுது," என்றார். நாங்கள் உயிரைக் கொடுத்து ஏற்றிய சாப்பாடு, அதே லிப்ட்டில் அவரோடு சொகுசாக இறங்கி வந்தது.

மாச்சிக் ரொக்கையாவும் எங்களோடு உட்கார்ந்தார். தொழில்நுட்பருக்கு இரண்டு தட்டுப் பிரியாணி. லெட்சுமி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேராக அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். அவர் அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"நல்லா ஆறியிருக்குண்ணே. எப்ப போறீங்க?"

"போறேன்."

"எப்பன்னு கேட்டேன்."

"செவ்வாய்க்கிழமை போறேன், போதுமா? ஆஸ்பத்திரில இருக்கறவங்க உன்னவிட நல்லாப் பேசறாங்க."

செவ்வாய்க்கிழமை அவர் போனார், அளவு கொடுத்தார். இப்போது வாரம் தவறாமல் பயிற்சிக்கும் போகிறார். அதை வாணியின் வாயால் கேட்டபோது, என் ஆயுளில் நான் கேட்ட நல்ல செய்திகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள நின்றோம். தொழில்நுட்பர்தான் எடுத்தார். மணியத்துக்கு நல்ல மனசு. யாரும் சொல்லாமலே அண்ணனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் மேசைக்குப் பின்னால் நிறுத்தி, அவருக்கு முன்னால் இரண்டு பேரை நிற்கச் சொன்னார்.

"மணியம், என்னைய எங்க கொண்டுபோற?"

"இல்லண்ணே, அங்க வெயிலா இருக்கு."

"வாய்ட் டெக்ல ஏது லா வெயிலு? முன்னால கொண்டுபோ."

மணியம் என்னைப் பார்த்தார். நான் போய் நாற்காலியைப் பிடித்தேன். இருவரும் சேர்ந்து அவரை முன்வரிசையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினோம். அண்ணன் கைலியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கால் தெரியுதா தம்பி?" என்று தொழில்நுட்பரிடம் கேட்டார். தெரிகிறது என்றார் அவர். நான் அண்ணனின் தோளில் கை வைத்து நின்றேன். என் கல்யாணப் படத்தில்கூட நான் இப்படிப் பெருமையாக நின்றதில்லை.

இந்தப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லை என்றால் நான் எழுதியதில் எத்தனை வரி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.